விடை ஒன்று

நான் ஃபில்டரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவர் என் மாமியார்.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் மெலிதாகக் கேட்கும் ஒரு தெருவில், மாடி போர்ஷனில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், அவருடைய அம்மா. அத்தை மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்கத் தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் போய்வந்த பழக்கத்தில், வீட்டுக்குள்ளும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்துக்கு அவர்தான் செயலாளர். "மருமக என்ன படிக்கிறா?" என்று அங்கே யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வராது. என் ஆய்வுத் தலைப்பு நீளமானது. அதில் அவருக்குப் புரிந்த ஒரே சொல் 'ஃபில்டர்ட்'. அதை வைத்துக்கொண்டு அவர் சமாளித்துவிட்டார்.

ஒருநாள் நான் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடும்போது கீழ் வீட்டு அக்கா வாசல் கேட் அருகே பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, ஃபில்டர்ல பெரிய படிப்பு படிக்கிறியாமே? எங்க வூட்டு போர் தண்ணி மஞ்சளா வந்துகினு கீது. எந்த ஃபில்டர் வாங்கினா நல்லாருக்கும், சொல்லேன்."

"அக்கா, அது வேற ஃபில்டர்க்கா. நான் கணக்கு."

"கணக்கோ இன்னாவோ, தெரிஞ்சத சொல்லு."

பஸ் போய்விடும் என்ற பயத்தில், "கடையில விசாரிச்சு நல்லதா ஒண்ணு வாங்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் ஏதோ ஒன்றை வாங்கினார். தண்ணீர் தெளிந்தது. பெயர் எனக்கு வந்தது.

படப்பைக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கணித விரிவுரையாளர். இரண்டாயிரங்களின் பின்பாதி அது. எங்கள் பக்கத்தில் பொறியியல் கல்லூரிகள் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த என்னைப் போன்ற பலர் பகுதிநேரமாகப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தோம். வாரநாள்களில் பாடம், சனிக்கிழமைகளில் ரயிலேறி நகரத்துக்குள் என் கைடைப் பார்க்கப் போவது என்று வாழ்க்கை ஓடியது. கைடு ஒரு பெண்மணி. எல்லோருக்கும் 'மேடம்'. என் ஆய்வேட்டின் பக்கங்களைப் பென்சிலும் கையுமாகப் படிப்பார். சரியான இடத்தில் சின்ன டிக், தவறான இடத்தில் வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு நாங்கள் எல்லோரும் நடுங்குவோம்.

என் பாடம் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பயப்படும்படியாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கில் மூன்றை நான்கால் பெருக்கினாலும் நான்கை மூன்றால் பெருக்கினாலும் ஒரே விடைதான். ஆனால் அரிசியை ஊறவைத்து அரைப்பதும் அரைத்துவிட்டு ஊறவைப்பதும் ஒன்றல்ல. வரிசை மாறினால் விடை மாறும் இயற்கணிதங்கள் உண்டு. நான் வேலை செய்தது அவற்றில். அங்கே வரிசை மாறும்போது கொஞ்சம் மிச்சம் விழும். எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஒவ்வொரு கோவைக்கும் அதன் படியைப் பொறுத்து ஒரு மாடி உண்டு என்று வைத்துக்கொண்டால், அந்த மிச்சம் எப்போதும் கீழ் மாடிகளில்தான் போய் விழும். இப்படி மாடி மாடியாக அமைந்ததைத்தான் ஃபில்டர்ட் என்கிறோம். கீழே விழுவதைக் கண்டுகொள்ளாமல் உச்சி மாடியை மட்டும் பார்த்தால் மிச்சமெல்லாம் மறைந்து, பள்ளிக்கூடத்துக் கணக்குபோல எல்லாம் சாதுவாகிவிடும். அந்தச் சாதுவான உருவத்துக்குப் பெயர் கிரேடட். சாதுவிடம் விசாரித்துவிட்டு முரடனைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது எங்கள் துறையில் எல்லோரும் செய்கிற வேலை.

தீர்ப்பு எதைப் பற்றி? இந்தக் கோவைகள் சும்மா தாளில் கிடந்தால் வெறும் எழுத்துகள். அவை ஏதாவது ஒரு வெளியில் இறங்கிச் செயல்பட வேண்டும்; அங்கே இருப்பவற்றைத் திருப்ப வேண்டும், நீட்ட வேண்டும், நகர்த்த வேண்டும். அப்படி ஓர் இயற்கணிதம் செயல்பட வாய்க்கும் வெளியைப் பிரதிநிதித்துவம் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட வகை இயற்கணிதத்துக்கு, இதுவரை யாரும் பார்க்காத பிரதிநிதித்துவங்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நிரூபித்திருந்தது. சில கோவைகளைப் பூஜ்யமாக்கிவிட்டால் மிஞ்சுவது எல்லாம் புதிய வெளி. அதன் அளவு, அதன் குணம், அதன் உட்பிரிவுகள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். மேடம் எல்லாப் பக்கத்திலும் டிக் போட்டிருந்தார்.

என் கணவருக்கு நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களில் தவறு கண்டுபிடிக்கிற டெஸ்டிங் பிரிவு. நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒருமுறை அசைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தாலும் அசைத்துப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது, மேஜையில் கிடந்த மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினார்.

"இதை யாராவது டெஸ்ட் பண்ணாங்களா?"

"இது ப்ரூஃபுங்க. டெஸ்ட் பண்ணத் தேவையில்லை."

"டெஸ்ட் பண்ணாம எப்படிம்மா ரிலீஸ் பண்ணுவ?"

"மேடம் படிச்சிருக்காங்க."

"படிக்கிறது வேற, ஓட விடறது வேற. இதுல எக்ஸாம்பிள் இருக்கில்ல? அதைப் போட்டு ஒரு புரோகிராம் எழுதிப் பார்க்கட்டுமா? சும்மாதான்."

அவருக்கு என் வேலைக்குள் எட்டிப் பார்க்க ஓர் ஆசை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்தே அது எனக்குத் தெரியும். நான் பாத்திரம் கழுவும்போது கூடவே நின்று, "இன்னைக்கு என்ன ப்ரூவ் பண்ண?" என்று கேட்பார். நான் சொல்வதில் பாதி புரியாது. ஆனாலும் சினிமாக் கதை கேட்பதுபோல் கேட்பார். அதனால், சரி, எழுதுங்கள் என்றேன். இந்த மாதிரிக் கணக்குகளுக்கென்றே தயாராகக் கிடைக்கும் மென்பொருள்கள் இருந்தன. என் இயற்கணிதம் அவற்றுக்குள் அடங்காத சைஸ். அவராகவே முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது.

விதிகளை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எந்தெந்தக் கோவைகளைப் பூஜ்யமாக்குகிறோமோ அவற்றைக் கொடுத்தால், அவற்றிலிருந்து இன்னும் என்னவெல்லாம் பூஜ்யமாகும் என்று புரோகிராம் தேடிச் சொல்ல வேண்டும். சில ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. அத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்துவிட்டு, "புருஷன் பொண்டாட்டி பேசற பேச்சா இது?" என்று சிரித்துக்கொண்டே போவார். உண்மையில் எங்களுடைய மிக நல்ல நாள்கள் அவை. ஒரே திரையை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு, ஒரே தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் புரோகிராம் ஓடியது. என் முதல் உதாரணத்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரையில் ஒரே ஓர் எண் வந்தது. 1.

"ஒண்ணுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒண்ணுன்னா, ஒண்ணே பூஜ்யமாயிடுச்சுன்னு அர்த்தம். ஒண்ணு பூஜ்யம்னா எதை ஒண்ணால பெருக்கினாலும் பூஜ்யம். அந்த வெளியில எதுவுமே இல்லைன்னு ஆகும். உங்க புரோகிராம்ல பக் இருக்கு."

அவர் தேடினார். அடுத்த வாரம் உண்மையிலேயே ஒரு தவறைக் கண்டுபிடித்தார், ஒரு கூட்டல் குறி. திருத்தி ஓடவிட்டார். 1. இன்னொரு தவறும் அகப்பட்டது. திருத்தினார். 1. இரண்டாவது உதாரணத்தைக் கொடுத்தார். அதற்கும் 1. எதைக் கொடுத்தாலும் அந்தப் பெட்டி ஒன்று ஒன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு போய் எரிச்சல் வந்தது. ஆய்வேட்டின் சுருக்கத்தைச் சமர்ப்பிக்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"போதுங்க. இது உங்க புரோகிராம் தப்பு. எனக்கு டைப் பண்ற வேலை நிறைய இருக்கு."

"தப்புன்னே வச்சுக்கோ. எந்த லைன்ல தப்புன்னு மட்டும் காட்டு, விட்டுடறேன்."

"நான் எதுக்குங்க அதைப் பார்க்கணும்? நிரூபிச்சு வச்சிருக்கேன்."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அந்த ஒன்று எப்படி வந்தது என்பதை ஒவ்வொரு படியாக அச்சிடும்படி புரோகிராமை மாற்றி, பிரின்ட் எடுத்து, என் மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டார். டப்பாவை எடுக்கும்போதுதான் பார்த்தேன். கோபமாக வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு வேலை இல்லாததால் அதைப் பிரித்தேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைச் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் வகையிடுதல் படித்திருப்பீர்கள். அதை டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சார்பை எக்ஸால் பெருக்கிவிட்டு வகையிடுவதற்கும், வகையிட்டுவிட்டு எக்ஸால் பெருக்குவதற்கும் இடையே ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் சரியாக ஒன்று. அதாவது பழைய சார்பே அப்படியே திரும்பி வரும். இப்போது எக்ஸையும் டியையும் பூஜ்யமாக்குங்கள். உச்சி மாடியிலிருந்து பார்த்தால் ஓர் ஆபத்தும் தெரியாது. இரண்டு பேரைத்தான் வெளியே அனுப்பினோம், மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இரண்டும் பூஜ்யமென்றால் அவற்றின் பெருக்கல்களும் பூஜ்யம், பெருக்கல்களின் வித்தியாசமும் பூஜ்யம். அந்த வித்தியாசம்தான் ஒன்று. ஆக ஒன்றே பூஜ்யம். மொத்தக் கட்டடமும் போயிற்று.

இது எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற எச்சரிக்கை. எனக்கும் தெரியும். நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன். என் இயற்கணிதம் இதைவிடப் பெரியது, கோவைகள் நீளமானவை, எழுத்துகள் அதிகம். அச்சிட்ட தாளில் படிப்படியாகக் கீழே போனேன். மண்ணிவாக்கம் தாண்டியபோது ஒரு வரியில் நின்றேன். நீளமான இரண்டு கோவைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, மிச்சமாக விழுந்தது இன்னொரு வேஷத்தில் அதே எக்ஸ், அதே டி. மூன்றாம் அத்தியாயத்தில், உச்சி மாடியில் நடப்பதே கீழேயும் நடக்கும் என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போயிருந்தேன். அந்த வாக்கியம் தவறு.

பஸ்ஸில் மாணவர்கள் பாட்டுப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாளை மடிக்கவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. தாம்பரத்தில் இறங்கி வீடு வரை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை.

அவர் நாவலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் வாசலிலேயே சொன்னேன்.

"உங்க புரோகிராம் சரிங்க."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தவறு கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில்; ஆபீஸில் ஒரு பெரிய பக் கிடைத்தால் வீட்டுக்கு ஸ்வீட் வாங்கி வருகிற மனிதர். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நிஜமாவா? பக் என் சைடுலதான் இருக்கணும்னு ஜெபம்கூடப் பண்ணேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்ன ஏது என்று கேட்காமல் என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். பிறகு மகனைப் பார்த்து, "என்னடா சொன்ன அவளை?" என்று அதட்டினார்.

சனிக்கிழமை மேடத்திடம் போனேன். ரயிலில் என்னவெல்லாமோ ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் அறைக்குள் நுழைந்ததும் ஒத்திகை எல்லாம் மறந்து, தாளை நீட்டி, "மேடம், மூணாவது சாப்டர் விழுந்துடுச்சு" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். எழுந்து போய்க் கரும்பலகையில் ஒருமுறை தானே எழுதிப் பார்த்தார். பாதியில் சாக்பீஸ் நின்றது.

"ரெண்டு தடவை படிச்சேன்மா. ரெண்டு தடவையும் டிக் போட்டேன். நானும் மேல் மாடியையே பார்த்துட்டு இருந்திருக்கேன்."

சாக்பீஸை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆக, இத்தனை வருஷமா நீ பூஜ்யத்தைப் பத்தி எழுதியிருக்க" என்றார். சற்று நிறுத்தி, "ரொம்ப நல்லா எழுதியிருக்க" என்றார்.

முதலில் அவர் சிரித்தார். பிறகு நானும். இல்லாத வெளிகளின் அளவையும் குணத்தையும் உட்பிரிவுகளையும் அத்தனை பக்கம் வர்ணித்திருந்தேன் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பாலா வேறு எதனாலா என்று எனக்கே தெரியவில்லை. மேடம் என்னைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். பஜ்ஜி தின்னும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எல்லாமே விழுதா? இல்ல, ஏதாவது ஒண்ணு ரெண்டு நிக்குதா?"

"தெரியலை மேடம்."

"எப்ப நிக்கும், எப்ப விழும்? அதைச் சொல்லு. அதுதான் தீசிஸ். சினாப்ஸிஸ் லேட்டாகட்டும், நான் பேசிக்கிறேன். அப்புறம், அந்த புரோகிராம் எழுதின ஆளை ஒருநாள் கூட்டிட்டு வா."

புரோகிராம் எழுதின ஆள் இதைக் கேட்டதும் அன்று மாலையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். என் கோவைகளில் சில எண்களை மாற்றி மாற்றிப் போடலாம். அப்படி மாற்றிய ஒவ்வொரு எண்தொகுதிக்கும் ஓடவிட்டு, எதற்காவது ஒன்று வராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டமும் சில மணிநேரம் பிடித்தது. பகலில் நாங்கள் இருவரும் வீட்டில் இல்லை. போதாததற்கு அந்தச் சமயம் மின்வெட்டுக் காலம். பகலில் கரன்ட் போனால் யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துவிடும்; ஓட்டமும் போய்விடும்.

"நான் ஒருத்தி வீட்ல சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்? எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றார் அத்தை.

விட்ட இடத்திலிருந்து தொடரும்படி என் கணவர் புரோகிராமை மாற்றினார். கரன்ட் வந்ததும் எந்தப் பொத்தானை அழுத்துவது, ஓட்டம் முடிந்தால் அடுத்ததை எப்படித் தொடங்குவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். ஒன்று வந்தால் தோல்வி, ஒன்றைத் தவிர வேறு எது வந்தாலும் எனக்கு போன் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் அத்தைக்கு ஒவ்வொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நான் வகுப்பு முடித்து வெளியே வந்தால் போன் வரும்.

"ஒண்ணும்மா."

"சரி அத்தை, அடுத்தது போடுங்க."

மதியம் மறுபடி வரும். "மறுபடியும் ஒண்ணுதான். வருத்தப்படாதே, சாப்பிடு."

பக்கத்து மேஜையில் இருந்த இயற்பியல் சார் நான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "என்ன மேடம், அதுக்குள்ள விக்கெட் போச்சா?" என்று ஒருநாள் கவலையோடு கேட்டார்.

அத்தை இதைப் பெண்கள் ஐக்கியத்திலும் சொல்லிவிட்டார். புதன்கிழமைக் கூட்டத்தில் வியாதியஸ்தர்களுக்காகவும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்த பிறகு, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று வரக்கூடாது என்றும் ஜெபித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஒண்ணு இன்னும் வருதாம்மா?" என்று விசாரித்தார். தீராத காய்ச்சலை விசாரிப்பதுபோல இருந்தது அவர் குரல். "வருதுக்கா" என்றேன். "விடாதே, போயிடும்" என்றார்.

வாரங்கள் போயின. எனக்கு நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. எதுவுமே நிற்கவில்லை என்றால், எல்லாமே பூஜ்யம் என்று எழுதி ஆய்வேட்டை முடிப்பதா? அதற்கும் ஒரு நிரூபணம் வேண்டுமே. கணவரிடம் வேண்டாம், விட்டுவிடுவோம் என்று சொல்ல வாயெடுத்திருக்கிறேன். அவர் திரையைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

ஒரு மாலை கல்லூரி பஸ் படப்பைக் கடைவீதியில் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரகடம் பக்கம் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்திருந்தது. அப்போது போன் வந்தது.

"ஒண்ணு வரலைம்மா."

"கரன்ட் போயிடுச்சா அத்தை?"

"கரன்ட் இருக்கு. ஃபேன் சுத்துது. என்னமோ நீளமா வந்து நின்னிருக்கு."

நான் எழுந்து நின்றேன். பஸ்ஸின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை, எரர்னு எங்கயாவது எழுதியிருக்கா பாருங்க."

"இல்லடி. படிக்கட்டுமா? எக்ஸ், அதுக்கு மேல ஒரு கூரை மாதிரி குறி, அப்புறம் ரெண்டு. கூட்டல். டி. அதுக்கும் கூரை..."

"மெதுவா, மெதுவா."

"மெதுவாத்தான் படிக்கிறேன், உனக்குத்தான் மூச்சு வாங்குது."

வெளியே ஹாரன்கள் அலறின. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். அத்தை அடுக்குகளைக் காட்டும் அந்தக் கூரைகளையும் கூட்டல்களையும் கழித்தல்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார்.

"கடைசி வரியில தனியா ஒண்ணு நிக்குதா அத்தை?"

"இல்லவே இல்ல. கண்ணாடி போட்டும் பார்த்துட்டேன், போடாமயும் பார்த்துட்டேன்."

பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும். அந்த லாரி நகர இன்னும் வெகுநேரமானது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனால் அத்தை கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். கரன்ட் போய்விடுமோ என்ற பயத்தில், மகனை ஆபீஸிலிருந்து சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். அவர் வந்து அதைப் பத்திரப்படுத்தி, பிரின்ட் எடுத்து, இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தார்.

ஓர் உதாரணம் நின்றதால் அதைச் சுற்றித் தேட முடிந்தது. இன்னும் சில அகப்பட்டன. நின்றவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவற்றுக்குப் பொதுவான ஒரு குணம் தெரிந்தது. வரிசை மாறும்போது விழுகிற மிச்சங்கள் கீழே போய் ஒன்றையொன்று சரியாகக் கழித்துக்கொண்டன. எண்களுக்கு இடையே ஓர் எளிய உறவு இருந்தால் மட்டும் அது நடந்தது. அந்த உறவு இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் விழும் என்று நிரூபிக்க எனக்கு அடுத்த பருவம் முழுக்கப் பிடித்தது. முதலில் நான் எழுதியதைவிடச் சின்னத் தேற்றம். மேடம் அதை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கீழ் மாடிகளைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டார்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். என் கணவர் லீவு போட்டிருந்தார். அத்தை ஈஸ்டருக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். வெளிமாநிலத்திலிருந்து வந்த தேர்வாளர் மெல்லிய குரலில், ஆனால் விடாமல் கேள்வி கேட்டார். முதலில் எல்லாமே விழுந்தது என்று நான் மறைக்காமல் சொன்னேன். நிற்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். புரோகிராம் என்றேன். யார் எழுதியது என்று கேட்டார். என் கணவர் கடைசி வரிசையில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து நின்றார்.

"எழுதினது அவன். பார்த்துக்கிட்டது நான்" என்றார் அத்தை, ரயிலில் பேசுகிற குரலில்.

தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. மேடம் மொழிபெயர்த்துச் சொன்னார். தேர்வாளர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்துக் கைகூப்பினார். அறை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எதுவும் எனக்குக் கடினமாகத் தோன்றவில்லை.

பட்டம் வந்தது. கல்லூரியில் என் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். அத்தை ஐக்கியத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். ஒன்று வராமல் போனதற்கான ஸ்தோத்திரக் காணிக்கை என்று சொல்லித்தான் கொடுத்தாராம். நான் பழையபடி முதலாண்டு மாணவர்களுக்கு மேட்ரிக்ஸ் என்கிற அணிகள் பாடம் நடத்தப் போனேன். அந்தப் புரோகிராமை மூடி வைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, என் கணவர் சமையலறைக்கு வந்து நின்றார். முகத்தில் ஒரு மாதிரி வெட்கம்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நேத்து சும்மா அதை ஓட விட்டேன். சாதா நம்பர் இல்லாம, ரெண்டு வந்தாலே பூஜ்யம்னு வச்சுக்கிட்டு. ஒத்தை, ரெட்டை மாதிரி, பூஜ்யமும் ஒண்ணும் மட்டும்தான். அதுல எக்ஸ் ஸ்கொயரையும் டி ஸ்கொயரையும் பூஜ்யமாக்கினேன். ஒண்ணு வரவே இல்லை! நிக்குது!"

நான் துருவுவதை நிறுத்தினேன். கையில் கணக்குப் போட்டேன். இரண்டு வரிசைகளுக்கும் இடையே விழும் மிச்சத்தில் எல்லா உறுப்பும் இரட்டை எண். ஆமாம், மொத்தமும் பூஜ்யமாகிவிடும். கட்டடம் நிற்கும்.

"நிக்கும்ங்க. ரெண்டுக்கு மட்டும் இல்ல, எந்தப் பகா எண்ணை வச்சு செஞ்சாலும் அந்தந்தப் படியில நிக்கும். இது தெரிஞ்ச விஷயம்தான்" என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது.

அவர் முகம் வாடவில்லை. "யாருக்குத் தெரிஞ்சது? எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது" என்றார். "மூணுக்கும் நிக்குமா? இரு, போட்டுப் பார்த்துட்டு வரேன்."

நிற்கும் என்று இப்போதுதானே சொன்னேன் என்று சொல்லப் போனேன். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. துருவியைக் கழுவி வைத்துவிட்டு, நானும் பார்க்கப் போனேன்.